எஃப்12-ஐ முதல்ல சொல்லிக் கொடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

வெப்சைட்ல கண்ணுக்குத் தெரியுற பக்கத்தக் கட்டுற ஃப்ரண்ட் எண்ட் டெவலப்பர் ஆகணும்னா என்னென்ன சாஃப்ட்வேர் தெரிஞ்சிருக்கணும்னு உங்க வேலைவாய்ப்பு பக்கத்துல வந்த கட்டுரைய படிச்சேன். கோட் எழுதுற எடிட்டர் விஎஸ் கோட், டிசைன் வரையுற ஃபிக்மா, பக்கம் கட்ட உதவுற ரியாக்ட், டெயில்விண்ட்னு எல்லாம் சொல்லியிருந்தீங்க, தப்பே இல்ல, நானும் தினமும் இதையெல்லாம் வச்சுதான் வேலை பாக்குறேன். ஆனா 12 வருஷமா இந்த வேலையில இருக்கேன், எது இல்லன்னா எனக்கு கையே ஓடாதோ அந்த டூல் பேரு மட்டும் கட்டுரையில எங்கயுமே வரல, அதான் எழுதுறேன். பிரவுசருக்குள்ளயே இருக்கிற டெவலப்பர் டூல்ஸ், அதாவது பக்கத்தோட கோட பாத்து அங்கயே மாத்திப் பாக்குற இடம். கீபோர்டுல எஃப்12 தட்டுனா திறந்துக்கும், இல்லன்னா ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் குடுத்தாலும் சரி. தனியா டவுன்லோடு பண்ண வேண்டியதில்ல, காசும் கிடையாது.

வேலைக்கு சேர்ந்த புதுசுல நடந்த ஒண்ண சொல்றேன். பக்கத்த கீழ ஸ்க்ரோல் பண்ணும்போது மெனு மேலயே ஒட்டிக்கிட்டு நிக்கணும், அதுக்கு, பக்கத்தோட தோற்றத்த எழுதுற சிஎஸ்எஸ்ல பொசிஷன் ஸ்டிக்கி போட்டேன், நிக்கவே இல்ல. எது மேல தெரியணும்னு சொல்ற இசட் இண்டெக்ஸ 999 ஆக்குனேன், அப்புறம் 9999 ஆக்குனேன், எடிட்டர்ல இருந்த எக்ஸ்டென்ஷன் எல்லாத்தையும் தூக்கிட்டு திரும்ப போட்டேன், மூணு மணி நேரம் போச்சு. கடைசில பக்கத்துல உக்காந்திருந்த சீனியர் அக்கா வந்து இன்ஸ்பெக்ட் திறந்து மெனுவுக்கு வெளிய சுத்தி இருக்கிற டிவ்ங்கிற பெட்டி ஒவ்வொண்ணா மேல ஏறி கிளிக் பண்ணிட்டே போனாங்க, நாலாவது டிவ்ல, பெட்டிய மீறி வர்றத மறைக்கிற ஓவர்ஃப்ளோ ஹிடன்னு இருந்துச்சு, அந்த டிக்க எடுத்தாங்க, மெனு அப்படியே ஒட்டிக்கிச்சு. ஸ்டிக்கி எப்பவுமே வெளிய இருக்கிற ஸ்க்ரோல் பெட்டிய பாத்துதான் ஒட்டும், ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டா அந்த டிவ்வே அதுக்கு ஸ்க்ரோல் பெட்டி ஆயிடும்னு அன்னிக்குதான் எனக்குப் புரிஞ்சுது. நாம எழுதுனது ஒண்ணு, பிரவுசர் எடுத்துக்கிட்டது இன்னொண்ணு, ரெண்டுத்துக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு காட்டுற ஒரே இடம் அதுதான்.

இந்த வசதி ஆரம்பத்துல இருந்தே இருந்ததில்ல. 2006ல ஜோ ஹெவிட் ஃபயர்பாக்ஸுக்கு ஃபயர்பக்னு ஒரு ஆட் ஆன் பண்ணாரு, அதுக்கு முன்னாடி பல பேரு கோட்ல அங்கங்க அலர்ட் பாக்ஸ்னு மெசேஜ் பெட்டி போட்டு போட்டுதான் தப்பு எங்கன்னு தேடிட்டு இருந்தாங்க. இப்போ எல்லா பெரிய பிரவுசர்லயும் இது கூடவே வருது, ஃபயர்பக்க 2017ல நிறுத்திட்டாங்க. மத்த டூல்ஸ பாருங்க, அடோபியோட வெப் டிசைன் சாஃப்ட்வேர் ஃபயர்வொர்க்ஸ் 2013ல நின்னுச்சு, பிராக்கெட்ஸ்ங்கிற எடிட்டர அடோபி 2021ல கைவிட்டுது, ஆட்டம் எடிட்டர 2022 டிசம்பர்ல மூடுனாங்க. ஒரு எடிட்டர மட்டும் நம்பி கத்துக்கிட்டவங்க திரும்ப முதல்லேர்ந்து வரணும், இன்ஸ்பெக்ட் பண்ணிப் பாக்குற பழக்கம் இருந்தா எங்க போனாலும் கூடவே வரும்.

அதுக்குன்னு மத்தது வேணாம்னு சொல்லல. விஎஸ் கோட்ல எம்மெட் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒரு லிஸ்ட்டுக்குள்ள அஞ்சு ஐட்டம் வேணும்னா சின்னதா ஒரு சுருக்கம் அடிச்சு டேப் தட்டுனா அதுக்கான மொத்த எச்டிஎம்எல் கோடும் வந்து நிக்கும். கோட தானா ஒழுங்குபடுத்துற ப்ரெட்டியர் போட்டதுல இருந்து எங்க டீம்ல ஸ்பேஸா டேபான்னு சண்டையே இல்ல. கோட்ல செஞ்ச மாத்தத்தையெல்லாம் பதிவு பண்ணி வைக்கிற கிட் இல்லாம ஒரு நாள் கூட வேலை செய்யாதீங்க. சிஎஸ்எஸ சுலபமா எழுத வைக்கிற சாஸ் முன்னாடி கட்டாயம் மாதிரி இருந்துச்சு, இப்போ வேரியபிள், நெஸ்டிங் ரெண்டுமே சிஎஸ்எஸ்லயே வந்துட்டதால சின்ன வேலைக்கு நான் சாஸ் எடுக்கறதே இல்ல.

ஃபிக்மா பத்தி ஒரு வார்த்தை. இடைவெளி, கலர் எல்லாம் அதுல அழகா எடுத்துக்கலாம், ஆனா டிசைன்ல எல்லா பேரும் குட்டியா இருக்கும், எல்லா போட்டோவும் ஒரே அளவுல இருக்கும், நிஜத்துல யாராவது 40 எழுத்துல பேரு வச்சிருப்பாங்க. அதனால நான் பக்கம் ரெடியானதும் இன்ஸ்பெக்ட்லயே பேர நீளமா மாத்திப் பாப்பேன், டிவைஸ் மோடுல போன் அளவுக்கு சுருக்கிப் பாப்பேன், நெட்வொர்க் டேப்ல நெட்ட வேணும்னே ஸ்லோ ஆக்கி, எந்த படம் வர இழுக்குதுன்னு பாப்பேன். குரோமோட இன்ஸ்பெக்ட்ல எழுத்து கலர் மேல கிளிக் பண்ணா, எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் எவ்வளவுன்னு காட்டும், சாதாரண எழுத்துக்கு குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும், வெளிறுன சாம்பல் எழுத்து போடுறவங்க இத ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் போட மனசு வராது. பக்கத்த சோதிச்சு மார்க் போடுற லைட்ஹவுஸும் அங்கயே இருக்கு, ஆனா அதுல 100 வாங்கிட்டோம்னு விட்டுடக் கூடாது, மவுச தள்ளி வச்சுட்டு டேப் கீய மட்டும் தட்டி முழு ஃபார்மையும் நிரப்ப முடியுதான்னு நாமளே உக்காந்து பாக்கணும், பார்வை இல்லாதவங்க நிறைய பேருக்கு கீபோர்டுதான் ஒரே வழி.

அடுத்த தடவ இந்தப் பக்கத்துல எழுதும்போது டெவலப்பர் டூல்ஸுக்கு கொஞ்ச இடமாவது ஒதுக்குங்க சார். கத்துக்கிற பசங்க ஏதாவது ஒரு வெப்சைட்ட திறந்து எஃப்12 தட்டி தலைப்போட கலர மாத்திப் பாக்கட்டும், ரீஃப்ரெஷ் பண்ணா பழையபடி வந்துடும், எதுவும் கெட்டுப் போகாது.

இப்படிக்கு,
ஒரு ஃப்ரண்ட் எண்ட் டெவலப்பர்