மருந்துக் கவரை முன்னால் வை

வேளச்சேரி,
ஞாயிறு மதியம்

அன்புள்ள சித்ரா,

ஆப் வடிவமைக்கிற வேலைக்கான இன்டர்வியூவுக்கு நீ தயாரித்த போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு, வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. அம்மாவின் கண் ஆபரேஷன் அலைச்சலில் நேற்று ராத்திரிதான் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கவலைப்படாதே. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் டாக்டரின் கைராசியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவது என் வேலை. பையன் பத்தாம் வகுப்பு. அவன் படிக்கிறானோ இல்லையோ, நாங்கள் டிவி பார்ப்பதை நிறுத்திவிட்டோம். கனமழை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள், எங்கள் ஏரியாக்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்தில் இடம் பிடிக்கப் போய்விட்டார்கள். எங்களிடம் இருப்பது ஸ்கூட்டர்தான், அதை முதல் மாடி வராந்தாவில் ஏற்றியாயிற்று.

சரி, உன் விஷயம். மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். நீ வைத்திருக்கும் நாலு ப்ராஜெக்டில் மூன்றைத் தூக்கிவிடு. சாப்பாடு டெலிவரி ஆப்பைத் திருத்தி வரைந்தது, பாட்டு கேட்கும் ஆப், தியானம் செய்ய ஒரு ஆப். கோர்ஸில் கொடுத்த பயிற்சி, சுத்தமாகத்தான் செய்திருக்கிறாய். ஆனால் எங்கள் டீமுக்கு ஆள் எடுக்கும்போது வந்து குவிகிற போர்ட்ஃபோலியோக்களில் இதே மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும். ‘பிரியா, வயது 28, ஐடி ஊழியர், சமைக்க நேரமில்லை’ என்று ஒரு பெர்சோனா, அதாவது கற்பனையாக ஒரு பயனர், ஓரத்தில் சிரிக்கிற ஒரு புகைப்படம். அந்தப் பிரியாவை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கும் அது தெரியும்.

கடைசிப் பக்கத்தில் ‘மற்றவை’ என்று போட்டு, ஒரே ஒரு படமாக ஒளித்து வைத்திருக்கிறாயே, உன் மாமாவின் மருந்துக்கடைக்குச் செய்த கவர், அதுதான் உன் போர்ட்ஃபோலியோ. அதை முதலில் கொண்டுவா. இன்டர்வியூவில் பாதி நேரம் அதைப் பற்றியே பேசினாலும் தப்பில்லை.

நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எங்கே கனம் இருக்கிறது பார். கடைப் பையன் மாத்திரைக் கவர் மேல் பால்பாயின்ட் பேனாவால் 1-0-1 என்று கிறுக்கித் தருவான். பெரியவர்கள் வீட்டுக்குப் போய்ப் புரியாமல் திரும்பி வருவார்கள், இல்லையென்றால் போன் பண்ணுவார்கள். நீ மூன்று கட்டம் அச்சடித்த கவர் ஒன்று போட்டாய். உதிக்கிற சூரியன், உச்சி சூரியன், பிறை நிலா. பார்க்க அழகாக இருந்தது. கடையில் காத்திருந்தவர்களிடம் கொடுத்து, “இதை எப்படிச் சாப்பிடுவீங்க?” என்று கேட்டாய். ஒரு தாத்தா பிறையைப் பார்த்துவிட்டு, “ராத்திரி மட்டும் பாதி மாத்திரை” என்றார். அடுத்து, சாப்பாட்டுக்கு முன்பு என்பதற்கு நீ காலித் தட்டு வரைந்திருந்தாய். ஒரு அம்மா, “தட்டு காலியா இருக்கே, சாப்பிட்டு முடிச்சப்புறம்தானே?” என்றார். படத்தையெல்லாம் எடுத்துவிட்டு, ‘காலை, மதியம், ராத்திரி’ என்று பெரிய எழுத்தில் போட்டு, கட்டத்துக்குள் எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டத்தைக் கறுப்பாக்கும்படி மாற்றினாய்.

ஏண்டி, இதை விட்டுவிட்டா தியான ஆப்பைக் காட்டப் போனாய்? இன்டர்வியூவில் கேட்கிற முக்கால்வாசிக் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. யாருக்கு என்ன சிக்கல், நீ முதலில் என்ன நினைத்தாய், அது எங்கே உடைந்தது, எதைத் தூக்கி எறிந்தாய். முடிந்த திரையை யார் வேண்டுமானாலும் பளபளப்பாகக் காட்டலாம். தூக்கி எறிந்ததைக் காட்டுகிறவர்களைத்தான் எங்களுக்கு மறுநாளும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கவர்களைக் கையோடு எடுத்துவா, பிறை போட்டதையும் சேர்த்து. மேஜை மேல் வைத்துவிட்டுப் பேச ஆரம்பி.

இரண்டு கேள்வி வரும், தயாராக இரு. ஒன்று, “ஆறு பேரிடம்தானே காட்டினீர்கள்?” இதற்குப் பயப்படாதே. பயன்பாட்டுச் சோதனையில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதியிருக்கிறார், ஐந்து பேரிடம் சோதித்தாலே சுமார் 85 சதவீதக் கோளாறுகள் வெளியே வந்துவிடும் என்று. ஆனால் அந்தக் கணக்கை மட்டும் ஒப்பித்துவிட்டு நிறுத்தாதே. அது ஒரே மாதிரி ஆட்களுக்கும், கோளாறைக் கண்டுபிடிக்கிற வேலைக்கும் உள்ள கணக்கு. எத்தனை பேருக்குப் பிடித்தது என்று அளக்க அது உதவாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் நீ இன்னும் காட்டவில்லை என்பதையும் நீயே சொல்லிவிடு.

இரண்டாவது, “இது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?” மாமாவிடம் இன்றைக்கே கேட்டு வை. முன்பு ஒரு நாளைக்கு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், இப்போது எத்தனை பேர் வருகிறார்கள் என்று. குத்துமதிப்பாகச் சொன்னால் குத்துமதிப்பு என்றே சொல். ஸ்லைடில் ‘40 சதவீத முன்னேற்றம்’ என்று பார்த்தால் நான் உடனே “எதில் 40?” என்று கேட்பேன். அங்கே திணறுகிறவர்கள் ரொம்பப் பேர்.

அப்புறம், பத்திரிகையில் லே-அவுட் செய்த வருஷங்களை ஏன் ஒரே வரியில் அமுக்கினாய்? வெட்கப்படுகிற மாதிரி இருக்கிறது. எழும்பூரில் நாம் படித்த கவின்கலைக் காலேஜ் 1850-ல் தொடங்கியது, அதையும் ரெஸ்யூமின் அடியில் தள்ளியிருக்கிறாய். இங்கே சின்னப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் திரையை வரைந்து முடித்துவிட்டு, கடைசியில் அதன்மேல் தமிழைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். ‘கி’, ‘கீ’யின் மேல் விலங்கு வெட்டுப்படுகிறது, கீழே ‘ழு’, ‘ளு’வின் வால் அடுத்த வரியில் இடிக்கிறது, பட்டன் வார்த்தையின் பாதி முழுங்கப்படுகிறது. நீ ப்ரூஃப் பார்த்தபடியே இதைச் சரிசெய்கிறவள். வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டு, கட்டத்தை அகலமாக்கு என்று சொல்ல உனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரே திரையை ஆங்கிலத்திலும் தமிழிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கெங்கே மாற்றினாய் என்று காட்டு. அந்த மூன்று ஆப்பின் இடத்தில் இது வரட்டும்.

கூடவே எழுத்தளவை இருமடங்காக்கிப் பார். அம்மா போனில் எழுத்து உச்ச அளவில் இருக்கிறது. போன வாரம் ஒரு ஆப்பில் ஏதோ பில் கட்டப் போய், “அமுக்கிக்கிட்டே இருக்கேன், ஒண்ணும் ஆகலை” என்றாள். வாங்கிப் பார்த்தால் ‘தொடர்க’ பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது, திரையோ நகரவே இல்லை. அம்மா அமுக்கிக்கொண்டிருந்தது வெறும் தலைப்பை. எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எல்லாம் வேலை செய்ய வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி விதியிலேயே, அதாவது எல்லோரும் பயன்படுத்தும்படி இணையப் பக்கம் அமைப்பதற்கான சர்வதேச விதிகளிலேயே, இருக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பதும் அதில்தான். உன் இரண்டாவது திரையில் வெளிர் சாம்பலில் எழுதியிருக்கிறாயே, அது தேறாது. மாற்றிவிடு.

ஆப் க்ரிட்டீக் என்று ஒரு சுற்று இருக்கும். உன் போனில் உள்ள ஏதாவது ஓர் ஆப்பைத் திறந்து நல்லது கெட்டது சொல்லச் சொல்வார்கள். திரை வடிவமைப்புக்கு நீல்சன் 1994-ல் வகுத்த 10 விதிகளைப் படித்து வை, ஆனால் வரிசையாக ஒப்பிக்காதே. ‘என்ன நடக்கிறது என்று பயனருக்குத் தெரிய வேண்டும்’ என்பது முதல் விதி. அதற்கு பஜ்ஜிக் கடையில் வைத்திருக்கிற சவுண்ட் பாக்ஸைச் சொல்லலாம். பஜ்ஜி போடுகிறவர் கையெல்லாம் மாவு, கண் எண்ணெய்ச் சட்டியில். பணம் வந்ததா என்று அவர் போனை எடுத்துப் பார்க்க முடியாது, பெட்டி வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. திரையே இல்லாத இடத்தில்கூட இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று நீ பேசினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அங்கேயே போர்டில் வரைந்து காட்டச் சொல்கிற ஒயிட்போர்டு சுற்றுதான் உனக்குப் பயம் என்று எழுதியிருந்தாய். உதாரணத்துக்கு, புறநகர் ரயில் நிலையத்து டிக்கெட் மெஷினை மாற்றிக் கொடு என்கிறார்கள் என்று வைத்துக்கொள். மார்க்கரை எடுத்தவுடன் கட்டம் போடாதே. யார் நிற்கிறார்கள் என்று கேள். காலையில் கிண்டியில் ஒருவர் நிற்கிறார், வண்டி வருகிற அறிவிப்பு கேட்டுவிட்டது, ஒரு கையில் டிபன் பை, பின்னால் நாலு பேர் உச்சுக் கொட்டுகிறார்கள். அவருக்கு வேண்டியது தினமும் போகிற அதே ஊர், அதே ரிட்டர்ன் டிக்கெட். அதே மெஷினுக்கு முன் மதியம் இரண்டு மணிக்கு ஊருக்குப் புதிதாக வந்த குடும்பம் நிற்கும், அவர்களுக்கு எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்றே தெரியாது. இந்த இருவரில் யாருக்காக முதலில் செய்யப்போகிறாய், ஏன்? இதைச் சத்தமாக யோசித்தாலே போதும். பெரிய பட்டன் ஏன் என்று கேட்டால் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-ல் சொன்னது இருக்கிறது, இலக்கு பெரிதாகவும் கிட்டத்திலும் இருந்தால் கை சீக்கிரம் போய்ச் சேரும். படம் கோணலாக வந்தால் யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள்.

வீட்டில் செய்துவரச் சொல்லி வேலை கொடுத்தால், எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள். ஒரு கம்பெனி என் தங்கையிடம் தங்கள் சொந்த ஆப்பில் பணம் கட்டி முடிக்கிற செக்அவுட் பகுதி முழுவதையும் வரைந்து வாங்கிக்கொண்டு, அப்புறம் போனையே எடுக்கவில்லை. அது தேர்வு இல்லை, ஓசி வேலை. அப்படி வந்தால் மறுத்துவிடு, நஷ்டமில்லை.

பேசும்போது ‘நாங்கள் செய்தோம், நாங்கள் முடிவெடுத்தோம்’ என்றே சொல்கிறாய். லே-அவுட் ரூமில் அது பண்பு, எல்லோரும் சேர்ந்துதானே இஷ்யூ முடிப்போம். இங்கே அப்படிச் சொன்னால் நீ சும்மா நின்றாய் என்று எழுதிவிடுவார்கள். மாமா செய்தது மாமா கணக்கில், நீ செய்தது உன் கணக்கில்.

ஆங்கிலத்தைப் பற்றி நீ எழுதியதற்கு ஒரு வார்த்தை. சரளமாக வரவேண்டியதில்லை, நிதானமாக வந்தால் போதும். தாத்தா சொன்னதை மட்டும் மொழிபெயர்த்துத் தொலைக்காதே, ஸ்லைடில் தமிழிலேயே போட்டு, கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி வை. 20 நிமிஷம் வாய்விட்டுப் பேசிப் பழகு. உன் அண்ணன் மகளை உட்கார வைத்துச் சொல், அவள் எங்கே கொட்டாவி விடுகிறாளோ அந்த ஸ்லைடை எடுத்துவிடு.

எதிரே இருப்பவர்கள் உன்னைவிடப் பத்து வயது சின்னவர்களாக இருக்கலாம். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், முகம் சுளிக்காதே. ஏஐ பயன்படுத்துவீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள், எதற்குப் பயன்படுத்தினாய், எங்கே அது சொன்னதைத் தள்ளினாய் என்று உள்ளதைச் சொல்.

ஹெச்ஆர் சுற்றில் பழைய சம்பளத்தைக் கேட்டு, அதன்மேல் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுவார்கள். பத்திரிகைச் சம்பளத்தின் மேல் எந்தச் சதவீதம் போட்டாலும் அது உனக்கு நஷ்டம். ‘வேறு துறையிலிருந்து வருகிறேன், இந்த வேலைக்கு நீங்கள் வைத்திருக்கும் ரேஞ்ச் என்ன?’ என்று நீ முதலில் கேட்டுவிடு. இந்த ஒரு இடத்தில் நீ கூச்சப்படுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

முதல் சுற்று வீடியோவில்தானே? அது தேறினால் தரமணிக்கு நேரில் வரச் சொல்வார்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வா, எழும்பூர் வரை போகாதே, தாம்பரத்தில் இறங்கிவிடு, இவர் ஸ்கூட்டரில் வந்து கூட்டிக்கொள்வார். எங்கள் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வேளச்சேரியில் பறக்கும் ரயில் பிடித்தால் பெருங்குடி தாண்டியதும் தரமணி. மழைக்கு ஒரு குடையும், கவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் மறக்காதே.

திருத்திய ஃபைலை வியாழக்கிழமைக்குள் அனுப்பு. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீடியோ காலில் நான் இன்டர்வியூ எடுப்பவளாக உட்காருகிறேன். சிநேகிதி என்று பார்க்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். அம்மா உன்னை விசாரித்தாள். மாமாவின் கவர் நமக்கும் பத்து வேண்டுமாம், சொட்டு மருந்துக்கு ஒரு கட்டம் சேர்த்து.

அன்புடன்,
வசந்தி