டப்பாவில் நிறம் மட்டும் போட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அப்பாவின் 1984 மாடல் பிரீமியர் பத்மினிக்கு நானே பெயின்ட் அடிக்கிறேன் என்று கிளம்பி பானெட்டைக் கெடுத்து வைத்திருக்கிறேன். தப்பு பாதி என்னுடையது, மீதி டப்பாவினுடையது. அந்த மீதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கடையில் ஸ்ப்ரே பெயின்ட் கேட்டால் "என்ன கலர்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நானும் கலரைக் காட்டி 400 மில்லி டப்பா மூன்று வாங்கிவந்தேன். பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, இரண்டாவது கோட் ஏறுகிறவரை. அப்புறம் பார்த்தால், பாலில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கினாற்போல் அடியிலிருந்த பழைய பெயின்ட் மொத்தமும் சுருண்டு எழுகிறது!

தெரிந்த பெயின்டர் அண்ணன் வந்து பார்த்தார். "கலரைப் பாத்து வாங்குனா எப்படி தம்பி, அடியில என்ன இருக்குன்னு பாக்க வேணாமா?" என்றார். நடுவில் யாரோ இரும்பு கேட்டுக்கு அடிக்கிற சிந்தடிக் எனாமலைக் காரில் அடித்திருக்கிறார்கள். நான் வாங்கியது லாக்கர் வகை, அதாவது தின்னர் ஆவியாவதாலேயே காய்கிற பெயின்ட்; அதிலிருக்கும் காரமான தின்னர் எனாமலை ஊறவைத்துத் தூக்கிவிடும். கண்ணில் படாத ஒரு மூலையில் லாக்கருக்குக் கலக்கிற என்.சி. தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பார்த்திருக்க வேண்டுமாம்: துணியில் கலர் ஏறினால் லாக்கர், பெயின்ட் சுருங்கினால் எனாமல், ஒன்றும் ஆகாவிட்டால் ஹார்டனர் (பெயின்டை இறுகவைக்கும் திரவம்) கலந்து அடித்த பெயின்ட். ஐந்து நிமிட வேலை. எந்த டப்பாவிலும் இதை நான் படித்ததில்லை.

லாக்கரில் இன்னொரு தொல்லை, பெட்ரோல் மூடியருகே நாலு சொட்டு சிந்தினாலே பளபளப்பு போய்விடும். அதைத் தாங்குவது ஹார்டனர் சேர்ந்த 2கே வகைதான், அதாவது பெயின்ட், ஹார்டனர் என இரண்டைக் கலந்து அடிப்பது. டப்பாவிலேயே கிடைக்கிறது, அடியிலுள்ள பொத்தானை அழுத்திக் குலுக்கினால் கலந்துவிடும், ஓரிரு நாளில் அடித்து முடித்துவிட வேண்டும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோய் விடும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டு ஷெட்டில் அடிக்கிற ஆளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும் அல்லவா? நான் பார்த்த டப்பாவில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது.

இப்போது பானெட்டைத் தகடு தெரியத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் ஊற்றித்தான்; வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதியே 2017இல்தான் அமலுக்கு வந்தது, 1984 காரின் தூசியை நம்பி மூச்சு விட முடியுமா?

கம்பெனிக்காரர்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். இது லாக்கரா, எனாமலா, 2கேயா, எதன்மேல் அடிக்கக் கூடாது என்று நிறத்தின் பெயருக்குக் கீழேயே, அதே அளவு எழுத்தில், தமிழில் இரண்டு வரி போடட்டும்.

– ஒரு வாசகர், திருச்சி