நூறு மார்க் தாளில் இருப்பவள்

அன்பின் சுகந்தி,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. வீடு மாறினோம், என் முழங்காலும் இந்தக் குளிரில் ஒத்துழைக்கவில்லை.

சாமான் கட்டும்போது அலுமாரியின் அடி லாச்சியில் யூரோ வருமுன் இங்கே புழங்கிய பழைய நூறு மார்க் தாள் ஒன்று அகப்பட்டது. ஜேர்மன் மத்திய வங்கி மார்க்கை இன்றும் மாற்றித் தருகிறது, கெடு எதுவும் இல்லை. கொடுத்தால் 51 யூரோ 13 சதம் கிடைக்கும் என்று மகன் உடனே கணக்குச் சொன்னான். நான் கொடுக்கவில்லை. அந்தத் தாளில் ஒரு இளம்பெண்ணின் முகம் இருக்கிறது. சம்பள நாட்களில் எத்தனை தரம் எண்ணியிருப்பேன், யார் இவள் என்று ஒருநாளும் கேட்டதில்லை பார்.

கிளாரா சூமான். பியானோ வாசித்தவள், இசை எழுதியவள். நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசிக்கத் தொடங்கி, இப்போது வீட்டில் வேறு கதை இல்லை.

1819இல் லைப்சிக்கில் பிறந்தவள். தகப்பன் பியானோ ஆசிரியர். தாயும் தகப்பனும் பிரிந்தபோது, ஐந்து வயதில் பிள்ளை தகப்பனிடம் போய்விட்டது. நாலு வயது தாண்டும் வரை அவள் பேசவே இல்லையாம். ஏழு வயதில் அவள் பெயரில் ஒரு நாட்குறிப்பு தொடங்குகிறது. "நான்" என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனால் எழுதியது தகப்பன்! அதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. பிள்ளைக்குப் பேச்சு வந்தது, அந்தப் பேச்சையும் அவர் எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் அந்த மனிதர் நன்றாகத்தான் படிப்பித்திருக்கிறார். 1835இல், பதினாறு வயதில், தான் எழுதிய பியானோ கொன்செர்ட்டோவை, அதாவது பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய இசையை, லைப்சிக்கில் அவளே வாசித்தாள். வாத்தியக் குழுவை நடத்தியது இசையமைப்பாளர் மெண்டல்சோன். அதன் நடுப் பகுதியை நீ கேட்க வேண்டும். குழு முழுவதும் வாய் மூடி இருக்க, பியானோவும், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செலோ ஒன்றும் மட்டும் தனியே கதைத்துக்கொள்ளும். கடைசியில் மட்டும் தூரத்தில் ஒரு மெல்லிய முரசு.

அதே பெண்தான் இருபது வயதில், பெண் இசை எழுத ஆசைப்படக் கூடாது, இதுவரை ஒருத்தியாலும் முடியவில்லை, நான் மட்டும் என்ன என்று எழுதி வைத்தாள். இந்த முறை எழுதியது அவளுடைய சொந்தக் கை.

தகப்பனோடு வழக்காடி 1840இல் இசையமைப்பாளர் ரொபர்ட் சூமானைக் கட்டினாள், இருபத்தொரு வயது நிறைய ஒருநாள் இருக்கும்போது. காதல் கதை என்று எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நான் பார்த்தது அந்த வீட்டுச் சுவரை. ரொபர்ட் இசை எழுதும்போது அவள் வாசிக்கக் கூடாது, சத்தம் கேட்கும். ஒரு நாளில் ஒரு மணித்தியாலம்கூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறாள். எட்டுப் பிள்ளைகள் வேறு. 1853இல் டுசெல்டோர்ஃபில் பெரிய வீட்டுக்குப் போனார்கள். அங்கே அவருக்குக் கேட்காமல் வாசிக்க அவளுக்கு ஓர் அறை கிடைத்தது. அந்தக் கோடையிலேயே மடமடவென்று எழுதித் தள்ளினாள். வயலினுக்கும் பியானோவுக்குமான மூன்று ரொமான்ஸ்கள், அதாவது மென்மையான சின்ன இசைத் துண்டுகள், அந்த அறையின் பிள்ளைகள்.

ஒரு கோடைதான். அடுத்த பெப்ரவரியில் ரொபர்ட் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றி, பொன் (Bonn) என்ற நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மனநல இல்லத்தில் சேர்த்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் மருத்துவர்கள் அவளைப் பார்க்க விடவில்லை. அவர் சாக இரண்டு நாள் இருக்கும்போதுதான் விட்டார்கள். அப்புறம் அவள் ஏறக்குறைய ஒன்றும் எழுதவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே, ஊர் ஊராகப் போய் வாசித்தாள். எழுபத்தொரு வயது வரை மேடை ஏறினாள். இசையமைப்பாளர் பிராம்ஸோடு, அவர் இளைஞராக இருந்தபோது, என்ன உறவு என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதை விடு.

தாளின் பின்பக்கம் ஒரு பெரிய பியானோ, அதன் பின்னால் அவள் படிப்பித்த பிராங்பேர்ட் இசைக் கல்லூரி. முன்பக்கத்தில் இளம்பெண்ணாகவே இருக்கிறாள்.

நீ கவிதை எழுதிய நீலக் கொப்பியை எறிந்துவிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நான் நம்பவில்லை. தாளை இதோடு அனுப்ப நினைத்தேன், தபாலில் காசு வைக்கக் கூடாது என்று மகன் தடுத்துவிட்டான். தைப்பொங்கலுக்கு வரும்போது கொண்டு வருகிறேன். கொப்பியைத் தேடி வை.

அன்புடன்,
வசந்தி