தொண்டிக்கு ஒரு கடிதம்: லைட் க்யூர் பேக்

மண்டபம்,
பங்குனி 12

அன்புள்ள பாண்டி,

தங்கச்சி கல்யாணச் சேதி படித்து மனசு நிறைந்தது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

ஈறு அறுவைக்குப் பின் புண்ணை மூடப் போடும் லைட் க்யூர் பேக் (நீல ஒளி காட்டினால் இறுகும் ரெசின் பூச்சு) ஈறின் செல்களுக்கு ஒத்துவருமா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் அது எவ்வளவு இறுகியது என்பதைப் பொறுத்தது. முழுக்க இறுகிய ரெசின் அதிகம் தொந்தரவு செய்யாது. இறுகாமல் எஞ்சிய மோனோமர், அதாவது ரெசினாகக் கோத்துக்கொள்ளாத சிறு மூலக்கூறுதான் கசிந்து, ஈறின் இழைகளை உண்டாக்கும் செல்லான ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குள் புகுந்து, அதைக் காக்கும் குளுட்டதயோனைக் குறைத்துவிடுகிறது.

இதில் ஒன்றை யோசித்துப் பார். வெளிச்சம் வெளியிலிருந்து வருகிறது, புண்ணோ உள்பக்கம். குறைவாக வெளிச்சம் படும் பக்கம்தான் புண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. அதனால் 2 மி.மீ.க்கு மேல் தடிமன் வேண்டாம். ரத்தக் கசிவு நிற்காமல் வைக்கவே வைக்காதே. ஒளி பட்டதும் ரெசினை இறுகத் தூண்டும் கேம்ஃபர்குவினோன் 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியைத்தான் நன்றாக உறிஞ்சும். லைட் முனையில் பழைய ரெசின் ஒட்டியிருந்தால் கண்ணுக்கு நீலம் தெரியும், வலு இருக்காது. வாரம் ஒருமுறை ஒளியின் வலுவை அளக்கும் ரேடியோமீட்டரில் பார், சதுர செ.மீ.க்கு 400 மில்லிவாட்டுக்குக் கீழே போனால் அந்த லைட் வேண்டாம். ஒவ்வொரு பல்லாக நகர்த்திக் காட்டு. இரண்டு மூன்று பல்லுக்குச் சேர்த்து ஒரே இடத்தில் பிடித்தால் ஓரங்கள் மாவாகவே நிற்கும்.

வெளிப்பக்கத்தில் ஆக்சிஜன் பட்டதால் இறுகாத மேல்படலம் பிசுபிசுப்பாக இருக்கும். உதடும் கன்னமும் அதில்தான் உரசும். காற்று படாமல் கிளிசரின் ஜெல் பூசி இன்னொரு 20 நொடி ஒளி காட்டி, ஈரப் பஞ்சால் துடைத்துவிடு. விரலால் அழுத்தி வடிவம் கொடுக்காதே. மோனோமர் லேடெக்ஸ் கையுறையைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். இந்த ரெசின் வகையான அக்ரிலிக்குக்கு ஒவ்வாமை உண்டா என்று நோயாளியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

நீ படித்த அறிக்கையில் 'நச்சு' என்று இருந்ததாக எழுதியிருந்தாய். மருத்துவப் பொருள்களின் செல் நச்சுச் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 10993-5 தரக் கணக்கில் உயிருள்ள செல் 70 சதவீதத்துக்குக் கீழே போனாலே அப்படித்தான் எழுதுவார்கள். பேக் எத்தனை மணி நேரம் ஊறிய சாறு, எந்தச் செல் என்று பார். சுண்டெலியின் எல்929 செல் வளரும் தட்டில் எச்சிலும் கிடையாது, ரத்த ஓட்டமும் கிடையாது. கசிந்தது அங்கேயே தேங்கும். துத்தநாக ஆக்சைடு பேக்கும் அந்தத் தட்டில் நல்ல பெயர் வாங்குவதில்லை. ஆகவே அந்த ஒரு சொல்லுக்காக லைட் க்யூர் பேக்கைத் தள்ளிவைக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை. விசைப்படகுக்காரர்களின் ஈறு அறுவையை அது முடிய ஒரு வாரமாவது இருக்கும்போதே வைத்துக்கொள். ஏழாம் நாள் பேக் எடுக்க ஆள் கரையில் இருப்பார். நடுவில் உடைந்தாலும் அன்றே வந்துவிடுவார்.

அன்புடன்,
சேது