அந்த நாற்பது பக்க நோட்டுக்கு நன்றி

அன்புள்ள கரைமக்களுக்கும், கரைக்கு அப்பாலிருந்து கைகொடுத்தவர்களுக்கும்,

ஒக்கி புயலில் தம்பியைப் பறிகொடுத்த ஓர் அக்கா எழுதுகிறேன். இந்த நன்றியை 2018லேயே சொல்லியிருக்க வேண்டும். அப்போது எழுத உட்கார்ந்தாலே கை நடுங்கும்.

2017 நவம்பர் 29 அன்று கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்னார்கள். மறுநாள் காலையில் புயல் வந்துவிட்டது. குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரையுமன்துறை வரையுள்ள எங்கள் ஊர்க்காரர்கள், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கு தொழிலுக்குப் போய் அதற்குள் பல நாளாகியிருந்தது. போனில் சிக்னல் எட்டாத தூரம். அந்த எச்சரிக்கை கரையில் நின்றவர்களுக்குத்தான் கேட்டது.

கரண்ட் இல்லை, டவர் இல்லை. கடலில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் எந்த அலுவலகத்திலும் பட்டியல் இல்லை. அப்போதுதான் எங்கள் தெருவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன், நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தான். படகு நம்பர், ஓனர், ஆள் பெயர், ஊர், கடைசியாகப் பேசிய நாள் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எங்கள் அம்மா சொல்லச் சொல்ல எழுதினான். அம்மா அழுதபோது பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தான். படகில் வேலைக்கு வந்த வடமாநிலப் பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயர் தெரியவில்லை. கூப்பிடும் பெயரையாவது எழுதி வைத்தான்.

லட்சத்தீவிலிருந்தும் மகாராஷ்டிராவின் தேவ்கட்டிலிருந்தும் தகவல் வர வர, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு டிக். அங்கெல்லாம் முன்பின் தெரியாத எங்கள் ஆட்களுக்குச் சோறும் மாற்றுத் துணியும் கொடுத்தவர்களே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். தேடுவதற்குத் தங்கள் படகையே எடுத்துக்கொண்டு போன அண்ணன்மாருக்கும், டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் எங்களோடு மறியலில் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் நன்றி.

அப்புறம் ஒரு எழுத்தர் அக்கா. உடல் கிடைக்காவிட்டால், இறந்ததாக ஏற்றுக்கொள்ள ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதைத் தளர்த்தி நிவாரணம் கொடுக்க அரசு முடிவெடுத்த பிறகும், தம்பியின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி என்று ஒரு அலுவலகத்தில் எங்கள் மனுவை மூன்று தடவை திருப்பிவிட்டார்கள். நாலாவது தடவை இந்த அக்கா சீட்டை விட்டு எழுந்து, ஃபைலைத் தானே கையில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையெழுத்து இருந்தது. "வீட்டுக்குப் போய் ஏதாவது சாப்பிடும்மா" என்றார். அன்றைக்கு நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

உதவியவர்களுக்கு நன்றி சொல்லும்போதே அரசிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் ஆட்சியர். மாவட்டத்துக்கென்று ஒரு திட்டம் இருக்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் என்ற செயற்கைக்கோள் தொடர்புக் கருவி விசைப்படகுகளில் வந்துகொண்டிருக்கிறது, அது ரொம்ப நல்ல காரியம். ஆனால் படகு எங்கே நிற்கிறது என்று அது சொல்லும், படகில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லாது. படகு புறப்படும்போதே ஆள் பெயரை எழுதி வாங்கி, ஒரு பிரதியை மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் வையுங்கள். ஒரு கல்லூரிப் பையன் இரண்டே நாளில் செய்து முடித்த வேலை இது.

அந்த நோட்டு இப்போதும் உன்னிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், மக்கா. பத்திரமாக வைத்திரு. ஒருநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். தம்பி பெயர் எழுதிய பக்கத்தை ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
தூத்தூர் கரையிலிருந்து ஓர் அக்கா