திருகோணமலைக்கு மரக்கன்று அனுப்பும் கொழும்பு அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஊர் அன்பர்களே,

பிரட்றிக் கோட்டையை அண்டிய வீதிகளிலும் கடற்கரையோரத்திலும் மாரிமழைக்கு முன் மரக்கன்றுகளும் பூஞ்செடிகளும் நடுவதற்காக வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நீங்கள் நிதி சேர்த்து வருகிறீர்கள். அம்முயற்சியில் குறை காண நான் இதை எழுதவில்லை. சேரும் பணத்தின் பெரும்பங்கைக் கன்றுகளுக்கு அன்றி, மான்களிடமிருந்து காக்க அவற்றைச் சுற்றி நிற்கவேண்டிய கம்பிக்கூடுகளுக்கு ஒதுக்குமாறு கேட்கவே எழுதுகிறேன்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் புள்ளிமான்களைக் காணாதவர் உங்களுள் எவரும் இருக்கமாட்டீர்கள். கோட்டைக்குள் மட்டுமன்றி நகர வீதிகளிலும் அவை தடையின்றித் திரிகின்றன. கொழும்புப் புறநகர் நாற்றுப்பண்ணைகளில் உரமும் நீரும் தாராளமாகப் பெற்று வளர்ந்த கன்றின் மென்தளிரை, வெயிலில் காய்ந்து இறுகிய உள்ளூர்ச் செடியைவிட மான் விரும்பித் தின்னும். மானுக்கு மேல்தாடையில் முன்வெட்டுப் பற்கள் இல்லாததால் அது தளிரை நறுக்காமல் பற்றி இழுத்துக் கிழிக்கிறது. ஆகவே கிளைநுனி நார்நாராகக் கிழிந்திருந்தால் மானோ ஆடுமாடோ மேய்ந்திருக்கிறது என்றும், கத்தியால் சீவியதுபோல் சரிவாக வெட்டுண்டிருந்தால் முயலின் வேலை என்றும் கொள்ளலாம்.

மேய்ச்சலோடு தொல்லை முடிவதில்லை. ஆண்மான்கள் கொம்பை இளந்தண்டில் உரசிப் பட்டையை உரிக்கின்றன. தண்டைச் சுற்றிலும் பட்டை போய்விட்டால், இலை ஆக்கிய உணவு வேருக்கு இறங்க வழியின்றி மரம் பட்டுப்போகும். பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளையை எட்டுவதும் புள்ளிமானின் வழக்கம். எனவே, கன்று ஆளுயரம் வந்துவிட்டதென்று கூட்டைக் கழற்றாமல், தழை எட்டாத உயரத்துக்குப் போய்ப் பட்டையும் தடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

கூடு 6 அடி உயரமுள்ளதாக, சிறுகண் கொண்ட பற்றவைத்த இரும்புவலையால் ஆனதாக, மானின் வாய் தண்டை எட்டாத அகலமுடையதாக, அடியில் நுழைய இடமின்றி நிலத்தோடு முளையடித்து இறுக்கப்பட்டதாக இருக்கவேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று நைலோன் வலையைத் தளர்வாகச் சுற்றினால் கொம்பு சிக்கி விலங்கு மாளக்கூடும்; முட்கம்பியும் வேண்டாம். பரந்த நிலத்தை அடைப்பதானால் 8 அடி உயரம் தேவைப்படும். ஆனால் பாய்ந்து இறங்க இடமில்லாத குறுகிய அடைப்புக்குள் குதிக்க மான் தயங்கும் என்பதால், கன்றுகளை வீதி நெடுகத் தனித்தனியே நடாமல் சில இடங்களில் கூட்டமாக நட்டு ஒரே வலையால் அடைப்பது செலவையும் குறைக்கும், உயரத்தையும் சற்றுக் குறைக்க இடந்தரும்.

முட்டைக் கரைசல் தெளித்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த நாற்றத்துக்கு மான் விலகுவது உண்மையே. ஆயினும் மழை அதைக் கழுவிவிடும், தெளித்தபின் வரும் துளிரில் அது இராது. நாம் நடுவதோ மழைக்காலத்தில்.

செடிப்பட்டியலிலிருந்து, மான் விரும்பித் தின்னும் செவ்வரத்தையையும் ரோசாவையும் நீக்கிவிடுங்கள். அலரியை மான் பெரும்பாலும் தொடாது. ஆனால் அது மனிதருக்கும் நஞ்சு, குழந்தைகள் நடமாடும் கோயில் வழிக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கோடை வறட்சியில் பசி முற்றினால் மான் எதையும் கடித்துப் பார்க்கும் என்பதால் செடியின் கசப்பை நம்பிக் கூட்டைத் தவிர்க்கவும் கூடாது.

மான்களைப் பிடித்துக் காட்டில் விடலாமே என்ற யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். காட்டுவிலங்குகளைப் பிடிப்பது 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்ட காரியம். வனசீவராசிகள் திணைக்களத்தைத் தவிர வேறெவரும் கைவைக்கக் கூடாது. பிடிபடும் அதிர்ச்சியிலேயே மான் இறந்துபோவதும் உண்டு.

இன்னொன்று, கன்றுகள் வரும் கறுப்புப் பொலித்தீன் பைகளை நட்ட இடத்திலேயே விட்டுவிடாதீர்கள். குப்பையோடு பொலித்தீனையும் தின்றுவிடும் மான்கள் அவை. நடும் நாளில் பைகளை எண்ணிச் சேர்த்துத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். கூடுகளை மாதந்தோறும் பார்த்து, சாய்ந்ததை நிமிர்த்த ஊரிலேயே இருக்கும் ஒருவருக்குச் சிறு கொடுப்பனவையும் நிதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் வசிக்கும் உங்கள் ஊரவன் ஒருவன்