ஒரு எழுத்துகூட மாறவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த கிறிஸ்துமஸ் கூட்டத்தில், பைபிளில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று ஒருவர் அடித்துச் சொன்னார். ஞாயிறு தவறாமல் தமிழ் ஆராதனைக்குப் போகிறவன்தான் நான். ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை.

1 யோவான் 5:7-ஐப் பாருங்கள். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்று அம்மாவின் பழைய தமிழ் பைபிளில் இருக்கிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அந்த வரி இல்லை. 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட டச்சு அறிஞர் எராஸ்மஸ் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் 1522 பதிப்பில் சேர்த்துவிட்டார்! மாற்கு நற்செய்தியின் கடைசி 12 வசனங்களும் 4ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் படிகளில் கிடையாது.

வரலாறும் இடிக்கிறது. இயேசு ஏரோது மன்னன் காலத்தில் பிறந்தார் என்கிறது மத்தேயு. அந்த ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா சொல்லும், சீரியாவின் ரோம ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்போ கி.பி. 6.

சரி, சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த, பழைய ஏற்பாட்டின் ஏசாயா நூல் சுருள், ஆயிரம் ஆண்டு பிந்திய படிகளோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிறு வகுப்பில் இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொன்னால் என்ன? பல்கலைக்கழகம் போனதும் யூடியூபில் பார்த்துவிட்டு எங்களிடம்தானே வந்து கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற நூலக ஊழியர்,
தோ பாயோ